முகூர்த்தச் சேலையும் உறை பிரிக்காத ஸ்டூலும்

சேலை நன்றாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பிவிடலாம். காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு, அரக்கு உடல், பாசிப்பச்சை பார்டர், முந்தியில் மயில் சக்கரம். அசல் கோர்வை. சுத்தப் பட்டு என்பதற்கான சில்க் மார்க் அட்டை இருந்தது. பில் 26,800 ரூபாய். நான் பிளவுஸ் தைப்பவள், 17 வருடமாக எத்தனையோ பட்டு என் கை வழியாகப் போயிருக்கிறது. இந்த விலைக்கு இந்தச் சேலை நியாயம்தான்.

கடை திருச்சி மலைக்கோட்டைக் கடைவீதியில், பல மாடிக் கட்டடம். பெயரை எழுதப்போவதில்லை. கடைக்காரர் மேல் கரிசனம் என்று நினைக்க வேண்டாம். பெயரைப் போட்டால், அன்றைக்கு எங்களுக்குச் சேலை காட்டிய பெண் யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. தலைக்கு மேலே கேமரா இருக்கிறது.

அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். ஆடி பிறப்பதற்குள் முகூர்த்தச் சேலை எடுத்துவிட வேண்டும் என்று மதினி ஒற்றைக் காலில் நின்றார். ஆக, ஆனி மாதக் கடைசி ஞாயிறு. எங்கள் பக்கம் நாலு பேர், மாப்பிள்ளை வீட்டிலிருந்து மூன்று பேர். வாசலில் ரோஜாப்பூ கொடுத்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் என்று தெரிந்ததும் லிஃப்ட்டையே எங்களுக்காகப் பிடித்து நிறுத்தினார்கள். அந்த லிஃப்ட்டில் ஊழியர்கள் ஏறக்கூடாது என்று உள்ளே ஒட்டியிருந்தது. பட்டு மூன்றாவது மாடி.

எங்களுக்கு வாய்த்த பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். சேலை தெரிந்தவள். மாப்பிள்ளையின் அம்மா ஆசையாகக் கை வைத்த முதல் சேலையிலேயே, "இது கோர்வை இல்லம்மா, பார்டரும் உடலும் ஒரே ஓட்டத்துல நெய்தது. பின்பக்கம் திருப்பிப் பாருங்க" என்று விரித்துக் காட்டினாள். கோர்வை என்றால் இரு பக்கப் பார்டருக்கும் தனித்தனி நாடா (ஊடை நூலை ஓட்டும் கருவி), உடலுக்கு ஒன்று, ஆக மூன்று நாடா ஓட்டி, இரண்டு நிறமும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்து நெய்வது. தறியில் கூடுதலாக ஓர் ஆள் வேண்டும். சேரும் இடம் பெரும்பாலும் ரம்பப் பல் மாதிரி இருக்கும், விரலால் தடவினாலே தெரியும். ஜரிகையைப் பற்றிக் கேட்டபோதும் அவள் மழுப்பவில்லை.

"இதுல வெள்ளி கம்மிதான்க்கா, அதான் இந்த விலை. சிவப்புப் பட்டு நூல்ல வெள்ளிக் கம்பி சுத்தி, மேல தங்க முலாம் போட்டதுன்னா இதைப்போல ரெண்டு மடங்கு ஆகும். தாலி கட்டுற அன்னிக்குக் கட்டிட்டு பீரோவுல வைக்கப் போறீங்க. இது போதும்."

கூடப் பிறந்தவள் வந்து உட்கார்ந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. இந்த விமர்சனத்தில் கடைக்கு நான் போடப்போகிற மதிப்பெண்ணில் முக்கால்வாசி இவளுக்குச் சேர வேண்டியது.

இரண்டரை மணி நேரம் ஆனது. அறுபது சேலைக்குக் குறையாமல் விரித்திருப்பாள். எங்களுக்கு வெல்வெட் உறை போட்ட ஸ்டூல். அண்ணனுக்கும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் பின்னால் சோபா. அவள் நின்றாள். வெறுமனே நிற்கவும் இல்லை; குனிந்து எடுத்து, நிமிர்ந்து விரித்து, தோளில் போட்டுக் காட்டி, மடித்து, ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து இறக்கி, மறுபடி குனிந்து. நடுநடுவே ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் கெண்டைச்சதையில் தேய்த்துக்கொண்டாள், கொக்கு மாதிரி. எனக்கு அந்தக் கொக்கை நன்றாகத் தெரியும்.

2001-இலிருந்து 2006 வரை சென்னை தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் நான் சேல்ஸ் கேர்ள். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ப்ளஸ் டூ முடித்த கோடையில் எங்கள் தெருவிலிருந்து ஒரே பஸ்ஸில் ஆறு பெண்கள் ஏறினோம். மாதம் 1,800 ரூபாய், தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரை. கம்பளத்தில் செருப்புப் போடக்கூடாது, ஆக வெறுங்கால். சுவரில் சாய்ந்தால் 10 ரூபாய் அபராதம், உட்கார்ந்தால் 20. ஒரு தீபாவளி மாதத்தில் என் சம்பளத்தில் 140 ரூபாய் பிடித்தார்கள். ஏழு தடவை உட்கார்ந்திருக்கிறேன்.

உட்காருவதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழிகளைத் தனிப் புத்தகமாகவே போடலாம். சேலையிலிருந்து குண்டூசி விழுந்துவிட்டது என்று தரையில் தேடுவது. அடித்தட்டு ஸ்டாக்கை எண்ணுவது. கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, ஒரு காரியமும் இல்லாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது. அதற்கும் டோக்கன் வாங்க வேண்டும், டோக்கன் கொடுப்பவர் ஓர் ஆள், மாதவிலக்கு நாளில் மூன்றாவது டோக்கன் கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டுவோம். லீவு மாதத்துக்கு ஒரு நாள். அன்றைக்கு மெரினாவுக்குப் போய் உழைப்பாளர் சிலைப் பக்கம் உட்கார்ந்து சுண்டல் தின்போம். 1959-இல் திறந்த சிலை அது. நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். "இதுல ஒரு பொம்பளகூட இல்லையேடி" என்று கூட வந்தவள் ஒருநாள் கேட்டாள். "அவ கடையில நிக்கா" என்றாள் இன்னொருத்தி. ரொம்ப நேரம் சிரித்தோம்.

இருபத்து மூன்று வயதில் எனக்கு இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. நடக்கும்போது கெண்டைச்சதை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அது நடப்பதில்லை. ரத்தம் காலிலேயே தேங்கும், நரம்புக்குள் இருக்கும் சின்ன வால்வுகள் தளர்ந்துபோகும். டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டிவிட்டு, "உக்காந்து பாக்குற வேலையா பாரும்மா" என்றார். அப்புறம் தையல் கற்றுக்கொண்டு மெஷின் வாங்கினேன். இப்போது நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறேன். இடுப்பு வலிக்கிறது. அது வேறு கதை.

இதனால் எந்தத் துணிக்கடைக்குள் நுழைந்தாலும் எனக்கு ஒரு பழக்கம், உட்காரும் இடங்களை எண்ணுவேன். இந்தக் கடையின் பட்டு மாடியில் எண்ணியது: ஆண்கள் காத்திருக்க நான்கு சோபா, ஒன்றில் மூன்று பேர் உட்காரலாம். அவர்களுக்குக் காபி, செய்தித்தாள், செல்போனுக்குச் சார்ஜர். கவுன்டர் முன்னால் வாடிக்கையாளர் ஸ்டூல் 28. பில் போடுகிறவருக்குச் சுழல் நாற்காலி, அவர் ஆண். சூப்பர்வைசருக்கு ஒரு நாற்காலி, அவரும் ஆண். சேலை காட்டும் பெண்கள் 14 பேர். அவர்களுக்காகத் தூண் ஓரத்தில் ஒரே ஒரு ஸ்டூல். 'பணியாளர் இருக்கை' என்று அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பாலித்தீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை. அதன்மேல் பிளவுஸ் பிட் கட்டு ஒன்று சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

சோபா விஷயம். சேலைக் கடைக்கு வருகிற ஆணுக்குக் களைப்பு வரும் என்பதைக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டு, அதற்கென்று இடம் ஒதுக்கி, மெத்தை போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் அண்ணன் இரண்டு காபி குடித்துவிட்டுத் தூங்கியே போனார், பாவம். கீழ்த்தளத்து வேட்டி சட்டைப் பிரிவையும் எட்டிப் பார்த்தேன். அங்கே ஆண் ஊழியர்கள், அவர்களுக்கும் ஸ்டூல் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கூட்டம் குறைந்தால் கவுன்டரில் முழங்கையை ஊன்றி ஒரு சாய்மானம், கையில் ஒரு டீ என்று நடக்கிறது. பெண்கள் சாய்ந்தால் பார்க்க நன்றாக இருக்காதாம். என் காலத்திலும் இதே வார்த்தைதான்.

நாற்பதாவது சேலையில் என்னால் முடியவில்லை. "நீயும் ஒக்காந்து காட்டும்மா, நாங்க என்ன ஓடியா போறோம்" என்றேன்.

"பரவால்லக்கா. பழகிடுச்சு."

"நானும் இதே வேலைதான் பாத்தேன். பழகாது."

பக்கத்தில் காலியாகக் கிடந்த வெல்வெட் ஸ்டூலைக் கவுன்டரைச் சுற்றி அவள் பக்கம் தள்ளினேன். அவள் உட்காரவில்லை. ஒரு முழங்காலை மட்டும் அதன்மேல் ஊன்றினாள். அதற்கே சூப்பர்வைசர் வந்துவிட்டார். "மேடம், ஏதாவது வேணுங்களா?" என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். முழங்கால் கீழே இறங்கியது.

அவரைக்கூட விட்டுவிடலாம், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். மதினி என் காதுப் பக்கம் குனிந்து, "நீ எதுக்கு அந்தப் புள்ளயக் கெடுக்க? ஒக்காந்துட்டு காட்டுனா சேலையோட அழகு தெரியுமா? காசு குடுக்கோம்லா" என்றார். மதினி தீப்பெட்டி ஆபீசில் இருபது வருடம் கட்டை அடுக்கியவர். கூலி உயர்வு கேட்டு கேட் முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்தவர். "இத நெய்தவங்களே தறியில ஒக்காந்துதான மதினி நெய்தாங்க" என்றேன். பேசாமல் அடுத்த சேலையின் முந்தியைப் பிரித்தார். காஞ்சிபுரத்துப் பழைய கடைகளில் மெத்தை விரித்து, காட்டுகிறவரும் வாங்குகிறவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து வியாபாரம் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எந்தச் சேலையும் அழகு குறைந்து வெளியே போனதில்லை. இதையும் மதினியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு இன்னும் இருபது சேலை பார்த்தோம், நானும்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் வருடத்தது. அதில் 2021-இல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். கடை ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும், வேலை நேரம் முழுக்கக் காலிலேயே நிற்கும்படி விடக்கூடாது என்கிறது அது. செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்த செய்தியை, நான் கடையை விட்டு 15 வருடம் கழித்து, தையல் மெஷினில் உட்கார்ந்தபடி டிவியில் பார்த்தேன். மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

கேரளத்தில் 2018-இலேயே வந்துவிட்டது. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கிய பி. விஜி, என்னைப் போலத் தையல்காரர். அவர்கள் முதலில் கேட்டது கக்கூஸ். போக இடமில்லாததால் கடைப் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். இருக்கை அதற்கப்புறம் வந்த கோரிக்கை. திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடைப் பெண்கள் 2014 கடைசியில் தொடங்கி நூறு நாளைத் தாண்டியும் போராடினார்கள். அதற்குப் பெயரே 'இரிக்கல் சமரம்', அதாவது உட்காரும் போராட்டம். தி.நகரில் எங்கள் ஹாஸ்டலில் ஒரே அறையில் பதினெட்டுப் பேர் படுத்திருந்தோம். நாங்கள் இப்படி ஒன்றை யோசித்ததுகூட இல்லை. ராத்திரி கால் பிடித்துவிடுவதற்கு முறை போட்டுக்கொண்டோம், அவ்வளவுதான்.

நம் சட்டத்தில் ஓர் இடம் எனக்கு உறுத்துகிறது. வேலைக்கு நடுவில் உட்காருவதற்கு வாய்ப்பு வந்தால் பயன்படுத்திக்கொள்ள வசதி வேண்டும் என்பது அதன் போக்கு. வாய்ப்பு வந்ததா, வரவில்லையா என்று தீர்மானிப்பது யார்? சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமையில் வராது, முகூர்த்த மாதத்தில் வராது, தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் வரவே வராது. ஆய்வுக்கு யாராவது வந்தால் காட்ட ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்டூல் தயார். தலைக்கு ஒரு ஸ்டூல், அதுவும் கவுன்டருக்கு உள்ளே, எட்டும் தூரத்தில் என்று எழுதியிருந்தால் பதினான்கு பேருக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கு வந்திருக்காது.

இரண்டாவது தடவையும் அந்தக் கடைக்குப் போக வேண்டி வந்தது. வீட்டில் சேலையைப் பிரித்து அளந்தால் பிளவுஸ் துணி 70 சென்டிமீட்டர்தான் இருந்தது. வழக்கமாக 80 விடுவார்கள். முழங்கை வரை கை வைத்துத் தைக்க 70 போதாது. சேலை வாங்குகிறவர்கள் இதை அங்கேயே அளந்து பார்த்துவிடுங்கள், விரலால் சாண் போட்டால்கூடப் போதும். பார்டர் நிறத்தில் தனிப் பட்டுத் துணி வாங்கலாம் என்று புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். மாற்றுத் துணிக்குக் காசு வாங்கவில்லை, வாக்குவாதமும் இல்லை. அது இந்தக் கடையின் நல்ல குணம்.

மூன்றாவது மாடியில் கூட்டமே இல்லை. அந்தப் பெண் கவுன்டருக்கு உள்ளே தரையில் பழைய பெட்ஷீட் மடிப்பின்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப்போனாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"சார் சாப்பிடப் போயிருக்காருக்கா" என்றாள் மெதுவாக.

"அன்னிக்கு உன்ன ஏதும் சொன்னாரா?"

"ஒண்ணும் இல்லக்கா." கொஞ்சம் நேரம் கழித்து, "கஸ்டமர்கிட்ட பரிதாபமா பேசி சீன் போடக் கூடாதுன்னாரு" என்றாள். "இன்சென்டிவ்ல கொஞ்சம் பிடிச்சாங்க. பரவால்ல."

அவள் ஒரு வார்த்தை பரிதாபமாகப் பேசவில்லை. பேசியது நான். என் இரக்கத்துக்கு அபராதம் கட்டியவள் அவள். எவ்வளவு என்று கேட்டேன், சொல்லவில்லை. பர்ஸைத் திறந்தேன், வாங்கவும் இல்லை. கேமரா இருக்குக்கா என்று கண்ணால் மேலே காட்டினாள். தூண் ஓரத்து ஸ்டூலைத் தற்செயலாகப் பார்த்தேன். பிளவுஸ் பிட் கட்டு விற்றுப்போயிருக்கிறது போல. உறை அப்படியே இருக்க, இந்தத் தடவை அதன்மேல் யாருடைய டிபன் பையோ.

கீழே வந்து கருத்துப் புத்தகம் கேட்டு வாங்கினேன். எனக்கு முந்தின பக்கத்தில் யாரோ "சேல்ஸ் பெண்கள் சுறுசுறுப்பாக இல்லை" என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தார்கள். நான் எந்த மாடி, எந்தப் பெண் என்று எதுவும் குறிப்பிடாமல், "உட்கார்ந்து சேலை காட்டினால் வாங்குகிறவர்களுக்கு ஆட்சேபனை இல்லை. காலியாக இருக்கும் ஸ்டூல்களில் பாதியைக் கவுன்டருக்கு உள்ளே போடுங்கள்" என்று எழுதினேன். மதினியின் கையெழுத்தையும் வாங்கியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். அவர் வரவில்லை.

இனி போகிறவர்களுக்குச் சில்லறைத் தகவல்கள். ஞாயிறு வேண்டாம், வார நாள் மத்தியானம் போங்கள். நிறமும் விலையும் வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டுப் போனால் இருபது சேலையில் வேலை முடியும். நாங்கள் அதைச் செய்யவில்லை. பிடிக்காத சேலையைப் பிரிக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லுங்கள். பில்லில் சேல்ஸ் எண் போடும் கட்டம் ஒன்று உண்டு, உங்களுக்குக் காட்டிய பெண்ணின் எண்தானா என்று அவளையே கேட்டுச் சரிபாருங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் இன்சென்டிவ். சில சமயம் நடுவில் வந்து பேசிய சூப்பர்வைசரின் எண் விழுந்துவிடும். வாடிக்கையாளர் கழிப்பறை நான்காவது மாடியில், சுத்தமாக இருக்கிறது. ஊழியர்களுக்கு மொட்டைமாடியில், படியேறிப் போக வேண்டும்.

சேலைக்கு ஐந்துக்கு நாலரை, பிளவுஸ் துணிக்காக அரை குறைத்தேன். சேலை காட்டிய பெண்ணுக்கு ஐந்து. கடைக்கு இரண்டு, அந்த ஸ்டூலின் உறையைப் பிரித்தால் திருத்துகிறேன். முந்தியில் குஞ்சம் கட்ட 400 ரூபாய் கேட்பார்கள், அங்கே கொடுக்காதீர்கள். உங்கள் தெருவில் என்னைப் போல யாராவது இருப்பார்கள், பாதிக் காசுக்கு உட்கார்ந்து கட்டிக் கொடுப்பார்கள்.